பிளிக்ளிங் மாளிகை: தான் காணாத வீட்டுக்கு வரும் அரசி

தலையற்ற குதிரைகள் இழுக்க, தலையற்ற வண்டிக்காரன் ஓட்ட, வெட்டுண்ட தன் தலையை மடியில் ஏந்தியபடி ஆன் போலின் ஆண்டுதோறும் மே 19 இரவு பிளிக்ளிங் மாளிகை வாசலில் வந்து இறங்குவார் என்பது இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் வழங்கும் கதை. எட்டாம் ஹென்றியின் இரண்டாம் மனைவியான அவர், 1536இல் அதே தேதியில்தான் லண்டன் கோபுரத்தில் கொல்லப்பட்டார். நான் படித்த ஒரு பயண விளம்பரம், அவர் நடமாடிய அறைகளையே காணலாம் என்று உறுதி கூறியிருந்தது. அது உண்மையன்று.

போலின் குடும்பத்தின் பழைய வீடு இருந்த இந்த நிலத்தை 1616இல் வாங்கிய நீதிபதி சர் ஹென்றி ஹோபர்ட், ஹாட்ஃபீல்ட் மாளிகையைக் கட்டிய ராபர்ட் லைமிங்கைக் கொண்டு எழுப்பியதே இன்று நாம் காணும் செங்கல் மாளிகை. அரசி இறந்து 80 ஆண்டுகளுக்குப் பின் கட்டத் தொடங்கிய வீடு இது. ஆனாலும், படிக்கட்டின் அருகே அவருடைய மரச்சிற்பத்தை நிறுத்தி, அவர் இங்கே பிறந்தார் என்று இலத்தீனில் பொறித்து வைத்திருக்கிறார்கள். பின்னால் வந்த உரிமையாளர்கள் அவரை இவ்வீட்டுக்குரியவராக ஆக்கிக்கொள்ள எவ்வளவு விரும்பினார்கள் என்பதை அதன்முன் நின்றபோது உணர்ந்தேன். பேய்க்கதையைவிட அந்த விருப்பமே என்னை நெகிழச் செய்தது.

மாளிகையின் உயிர் மாடியிலுள்ள 123 அடி நீளக் கூடத்தில் இருக்கிறது. சர் ரிச்சர்ட் எலிஸ் சேர்த்த நூல்களை அடிப்படையாகக் கொண்ட 12,000க்கும் மேற்பட்ட புத்தகங்கள் சுவரை மறைத்து நிற்க, அவற்றுக்கு மேலே சுண்ணச் சாந்தில் வடித்த உருவங்கள் விதானம் முழுவதும் நிறைந்திருக்கின்றன. தோலும் தாளும் வெளுக்காமலிருக்க வெளிச்சத்தைக் குறைத்தே வைக்க வேண்டியிருப்பதால், கண் பழகும்வரை பொறுமை தேவை. ருஷ்யப் பேரரசி கேதரின் பரிசளித்த, மகா பீட்டரைக் குதிரைமேல் காட்டும் பெரிய திரைச்சீலையையும் தவறவிடக்கூடாது. 1940இல் அதன் உரிமையாளர் லோதியன் பிரபுவின் உயிலால், பழம்பெரும் இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் வந்த மாளிகை இது என்பதால்தான் நம்மைப் போன்றோர் இவற்றையெல்லாம் காண முடிகிறது.

இந்தச் சுவர்களுக்கே உரிய ஆவி என்று ஒன்றைச் சொல்வதானால், அது ஆனுடையது அன்று. ஹோபர்ட் வழிவந்த, அதே பெயர் கொண்ட நான்காம் பேரனெட் (வழிவழியாக வரும் ஒரு பட்டம்), 1698இல் காஸ்டன் வெளியில் ஆலிவர் லெ நீவ் என்பவருடன் வாட்போர் புரிந்து வயிற்றில் காயம்பட்டு, இங்கே கொண்டுவரப்பட்டு மறுநாள் உயிர்விட்டார். அவருடைய முனகல் கோபுர அறையில் இன்னும் கேட்பதாகச் சொல்கிறார்கள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. நேரம் இருப்பவர்கள் மாளிகையோடு திரும்பிவிடாமல், காஸ்டனில் அந்த வாட்போரின் நினைவாக நிற்கும் சிறிய கல்தூணையும் பார்த்துவிட்டு வர வேண்டும். அதில் அவருடைய பெயரின் முதலெழுத்துகள் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளன.