மீன் அருவாமனை: லாரிப் பட்டையில் அடித்ததா, எவர்சில்வரா?

பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கம் மீன் வெட்டுமிடங்களில் இரண்டு வகை அருவாமனை புழங்குகிறது. ஒன்று பட்டறையில் லாரிப் பட்டையை, அதாவது லாரியின் அடியில் இருக்கும் வில்லுப் பட்டையை, அடித்துச் செய்தது. மற்றது கடையில் பளபளவென்று தொங்கும் எவர்சில்வர். நாள் முழுக்க சீலா, பாறை போன்ற பெரிய மீன் வெட்டுகிறவர்களுக்குப் பட்டைதான் சரி. வாரம் இரண்டு தடவை சூடை, காரல் போன்ற பொடி மீன் ஆய்கிற வீட்டுக்கு எவர்சில்வர் போதும். கழுவித் துடைத்து வைக்கும் பழக்கமில்லாத வீடென்றால் அதுவே நல்லது.

பட்டையின் பலம் அதிலுள்ள கார்பன், ஏறக்குறைய 0.5 முதல் 0.6 சதவீதம். கட்டடக் கம்பியிலும் சாதாரண இரும்புத் தகட்டிலும் இவ்வளவு இருக்காது. அவற்றுக்கு என்ன தோய்ச்சல் கொடுத்தாலும், அதாவது காய்ச்சி முக்கிக் கடினமாக்கப் பார்த்தாலும், கூர் நிற்காது. சீமைக்கருவேலங் கரி இந்த ராமநாதபுரம் மாவட்டத்தில் தாராளம் என்பதால் பல உலைகளில் அதுதான் எரிகிறது. பட்டை ஆரஞ்சு நிறத்துக்கு வந்ததும் அடித்து, முதுகு 4 மி.மீ. அளவில் நிற்க, வெட்டும் ஓரமான வாய்ப்பக்கம் மெலிய இழுப்பார்கள். நிறம் மங்கிக் கருஞ்சிவப்பான பிறகும் அடித்தால் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அது தெரியவருவது ஆறு மாதம் கழித்து, முள்ளில் மாட்டிச் சில்லு பெயரும்போது.

நல்லதும் மோசமானதும் பிரிகிற இடம் தோய்ச்சல். காந்தம் ஒட்டாத சூட்டையும் தாண்டி, சுமார் 850 டிகிரியில், வாயை மட்டும் இரண்டு விரற்கடை எண்ணெயில் இறக்க வேண்டும். தண்ணீரில் இறக்கினால் பட்டை வெடிக்கலாம். கடற்கரைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் இன்னும் மோசம், நல்ல தண்ணீரைவிட வேகமாகச் சூட்டை உறிஞ்சும். முழு அலகையும் முக்கி எடுப்பது அடுத்த தவறு. பலகையில் இறங்கும் கழுத்தும் விறைத்துப்போய், தலை பெரிய மீனை அழுத்தும்போது அங்கேயே முறியும். முக்கியெடுத்த பிறகு மேலே படிந்த கரும்படிவைச் சுரண்டிவிட்டு மெதுவாகச் சூடேற்றினால் நிறம் ஓடிவரும். வைக்கோல் மஞ்சளில் நிறுத்தினால் மீனுக்குச் சரி. நீலம் வரை விட்டால் வாய் இளகிவிடும்.

சில கொல்லர்கள் மெத்தென்ற இரும்பைப் பிளந்து நடுவில் எஃகு வைத்து அடிக்கிறார்கள். வாய் கடினம், உடம்பு முறியாது. பனிக்கட்டியில் ஓடும் ஷார்ட் டிராக் பந்தயச் சறுக்குக்காலணியிலும் இதே யோசனை உண்டு. ஒரு மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும் அலகில், பனியைத் தொடும் பகுதிக்குக் கடின எஃகும் மேலே இளகிய எஃகும் சேர்த்த பிளேடுகள் இருக்கின்றன. அதன் அடி தட்டை, நம்முடையது ஆப்பு வாய். ஆனால் தீட்டியபின் ஓரத்தில் நிற்கும் பிசிறை எடுக்காவிட்டால் இரண்டும் வேலைக்காகாது.

வாங்கும்போது பழைய அரத்தை வாயில் இழுத்துப் பாருங்கள். வழுக்கிப் போனால் தோய்ச்சல் ஏறியிருக்கிறது. கடித்துத் தூள் விழுந்தால் வேண்டாம். எவர்சில்வருக்கு முதலில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாதது பாத்திரத் தகடு, அதைச் சூட்டால் கடினமாக்க முடியாது. தீட்டித் தீட்டித்தான் ஓட்ட வேண்டும். ஒட்டினால் அரத்தையும் இழுத்துப் பார்த்துவிட்டு எடுக்கலாம். கடினமான எவர்சில்வரும் இந்தக் கரையில் துருவே பிடிக்காது என்று நம்ப வேண்டாம். உப்பு காய்ந்து நின்ற இடத்தில் ஊசிமுனைக் குழி விழும்.

சாணைக்காரரிடம் கொடுத்தால் பக்கத்தில் நில்லுங்கள். சுற்றும் கல்லில் அழுத்திப் பிடித்து வாய் நீலம் பாய்ந்தால் அந்த இடம் போச்சு. அடிக்கடி தண்ணீர் தொட்டுத் தீட்டச் சொல்லுங்கள். அன்றாடத்துக்குக் கைக்கல் போதும், வாயின் ஒவ்வொரு பக்கமும் 20 டிகிரி சாய்வு. முள் அதிகம் வெட்டுகிறவர்கள் கொஞ்சம் மழுக்கி 25 வைத்தால் வாய் மடங்காது. மீன் தலையைப் பிளக்கும்போது பக்கவாட்டில் முறுக்குவதுதான் வாய் மடங்க முதல் காரணம்.

கடல் தண்ணீரில் கழுவி அப்படியே வைப்பவர்கள் பட்டை அருவாமனையைக் குறை சொல்லக் கூடாது. நல்ல தண்ணீர், துணி, பிறகு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். துரு லேசாகப் படர்ந்திருந்தால் புளி தேய்த்துக் கழுவலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலத்தில் சும்மா கிடக்கும் அருவாமனைதான் அதிகம் கெடுகிறது. கச்சான் காற்றும் சேர்ந்துகொள்ளும். எண்ணெயைத் தடிப்பாகப் பூசிக் காற்றுப் படாமல் சுற்றி வைக்க வேண்டும்.

வெளியே தெரியும் துருவைவிடக் கழுத்து இறங்கும் துளை ஆபத்து. மீன் தண்ணீர் அங்கே தங்கி, பலகை உப்பி, உள்ளேயே இரும்பு அரித்துப் போகும். அலகு ஆடுகிறதென்று ஆப்பை மட்டும் இன்னொரு அடி இறக்குவது வழக்கம். அப்படிச் செய்யாமல் கழற்றிச் சுரண்டி, காயவைத்து, மெழுகு உருக்கி ஊற்றி மாட்டுங்கள். மடக்கு வகையென்றால் போல்ட்டையும் அப்போதே மாற்றிவிடலாம்.