கொழும்பு மாநகர சபையின் கணக்காய்வுப் பதிவுகள்: எந்த வழியில் கேட்டால் எது கிடைக்கும்?

2025 மே 6 தேர்தலில் கொழும்பு மாநகர சபைக்கு 117 உறுப்பினர்கள் வந்தார்கள். ஆனால் கணக்கில் கண் வைக்க வேண்டிய காலம் அதற்கு முந்தியது. பழைய சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அதே மாதம் 9ஆம் திகதி நடக்கவிருந்த தேர்தல், நிதி விடுவிக்கப்படாததால் தள்ளிப்போனது. அதனால் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 22இல் தீர்ப்பளித்தது. இடைப்பட்ட இரண்டு வருடத்துக்கு மேல் தெரிவான உறுப்பினர் ஒருவரும் இல்லாமல் அதிகாரிகளே மாநகரத்தை நடத்தினார்கள். வரிப்பணம் எங்கே போனது என்று சபையில் எழுந்து கேட்க யாரும் இல்லாத காலம் அது. அப்போதும் கணக்காய்வு நடந்தது. அந்தப் பதிவுகளைப் பெற உள்ள வழிகள் ஒன்றுக்கொன்று சமமானவை அல்ல.

முதல் வழி, தேசிய கணக்காய்வு அலுவலகம் வெளியிடும் அறிக்கை. கணக்காய்வாளர் தலைமை அதிபதி உள்ளூராட்சி மன்றங்களைக் கணக்காய்வு செய்வது அரசியலமைப்பின் 154ஆம் உறுப்புரைப்படி. அறிக்கைகள் அலுவலகத்தின் இணையத்தளத்தில் ஆண்டுவாரியாக இருக்கும்; அலுவலகம் பத்தரமுல்லை பொல்துவ வீதியில். செலவில்லை, விண்ணப்பமில்லை. குறை என்னவென்றால் இதில் முடிவு மட்டுமே இருக்கும், ஆதாரம் இருக்காது.

ஆனாலும் இந்த அறிக்கையைப் படிக்காமல் வேறு எதையும் தொடங்க வேண்டாம். அவதானிப்புகள் பெரும்பாலும் மூன்று நிரல்களாக இருக்கும்: கணக்காய்வு அவதானிப்பு, சபையின் கருத்துரை, விதப்புரை. பலர் முதல் நிரலோடு நின்றுவிடுகிறார்கள். பெறுமதியானது நடு நிரல். நிலுவை பற்றிய அவதானிப்புக்குச் சபை "அறவிட நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்று எழுதியிருந்தால், நடவடிக்கை இருப்பதாக அதுவே எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டது. அப்படியானால் கடிதம் இருக்க வேண்டும், கோவை இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு அறிக்கையிலும் அதே வசனம் திரும்ப வந்தால் கேட்க வேண்டிய இடம் அதுதான்.

இன்னொன்று: நிதியாண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. 2023 அறிக்கையில் பழைய சபையின் சில மாதங்களும் அதிகாரிகளின் மாதங்களும் கலந்திருக்கும். புதிய மேயர் தெரிவானது 2025 ஜூன் 16 என்பதால் 2025ஆம் ஆண்டிலும் இதே கலப்பு. யார் காலத்துச் செலவு என்பதை வவுச்சர் திகதிதான் சொல்லும். அறிக்கையின் மொத்தத் தொகை சொல்லாது.

இரண்டாவது வழி, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஆதாரம் வேண்டுமானால் இதுதான் வழி என்பது எங்கள் முடிவு. விண்ணப்பத்தைக் கணக்காய்வு அலுவலகத்துக்கு அனுப்புவதா, மாநகர சபைக்கு அனுப்புவதா என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கணக்காய்வு வினாக்களுக்குச் சபை அனுப்பிய பதில், அதன் பின் நடந்த அறவீடு, உள்ளகக் கணக்காய்வு அறிக்கை, கணக்காய்வு முகாமைத்துவக் குழுவின் கூட்டறிக்கை எல்லாம் சபையின் கையில் உள்ள ஆவணங்கள். ஆகவே நகர மண்டபத்தில் உள்ள சபையின் தகவல் அலுவலருக்கே எழுதுங்கள்.

"2023 முதல் 2025 வரையான எல்லாக் கணக்காய்வுப் பதிவுகளும்" என்று எழுதினால் நிராகரிக்கவோ இழுத்தடிக்கவோ இடம் கொடுக்கிறீர்கள். இப்படி எழுதுங்கள்: "2023.12.31இல் முடிவடைந்த ஆண்டுக்கான கணக்காய்வு அறிக்கையின் (இலக்கம் இடவும்) ஆம் பந்திக்குச் சபை வழங்கிய கருத்துரையில் குறிப்பிடப்படும் நடவடிக்கை தொடர்பான கடிதங்களின் பிரதிகள். அப்பந்தி தொடர்பாக இன்றுவரை அறவிடப்பட்ட தொகையும் திகதியும்." பந்தி இலக்கம் இருந்தால் அலுவலர் கோவையைத் தேட வேண்டியதில்லை. காரணம் எழுத வேண்டாம். சட்டம் அதைக் கேட்பதில்லை.

விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை. ஏ4 பிரதியில் முதல் நான்கு பக்கம் இலவசம், பிறகு ஒரு பக்கம் அச்சிட்ட தாளுக்கு 2 ரூபாய். 60 பக்கத்துக்கு 112 ரூபாய்தான். தகவலை மின்னஞ்சலில் அனுப்பும்படி கேட்டால் அதுவும் இல்லை. முடிவு 14 வேலை நாட்களுக்குள் வர வேண்டும். கட்டணம் செலுத்திய பின் 14 நாட்களுக்குள் தகவல். ஆவணம் அதிகமென்றால் மேலும் 21 நாள் வரை நீட்டலாம். ஒப்பந்தக்காரரின் விபரம் கலந்திருந்தால் மூன்றாம் தரப்பிடம் கேட்பதிலும் நாள் போகும். தனிப்பட்ட விபரம் என்று முழுக் கோவையையும் மறுத்தால், மறைக்க வேண்டியதை மறைத்து மிகுதியைத் தரும்படி 6ஆம் பிரிவைச் சுட்டிக் கேளுங்கள்.

தமிழில் எழுதத் தயங்க வேண்டாம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, பிரதி பெறும் உரிமை உள்ள ஆவணத்தைத் தமிழிலோ மொழிபெயர்ப்பாகவோ பெறும் உரிமையையும் தருகிறது. மூலம் சிங்களத்தில் இருக்கக்கூடும் என்பதால் இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் கேளுங்கள்: மூலப் பிரதி உடனே, தமிழ் மொழிபெயர்ப்பு பின்னர். அப்போது மொழிபெயர்ப்பைக் காரணம் காட்டி மூலத்தைத் தாமதிக்க முடியாது.

வவுச்சர் கட்டுக்கட்டாக இருக்குமானால் பிரதிக்குப் பதில் நேரில் பார்வையிடக் கேட்பது நல்லது. முதல் மணித்தியாலம் இலவசம், பிறகு மணிக்கு 50 ரூபாய். பார்த்துக் குறித்துக்கொண்டு, தேவையான தாளுக்கு மட்டும் பிரதி கேட்கலாம்.

பலர் தோற்பது மேன்முறையீட்டில். பதிலே வராவிட்டால் அதுவும் மறுப்புத்தான். சபையிலேயே மேன்முறையீட்டைப் பார்க்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு போக வேண்டும். "நாளைக்கு வாங்க" என்ற வாய்ப்பேச்சை நம்பி அந்த நாட்களை விட்டுவிடாதீர்கள். அவர் முடிவு சொல்ல மூன்று வாரம். அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு இரண்டு மாதத்துக்குள். இதற்கெல்லாம் அடிப்படை, முதல் நாளில் விண்ணப்பத்தைக் கொடுத்தபோது பெற்ற எழுத்துமூல ஏற்புத் துண்டு. அது இல்லாமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்; தபாலென்றால் பதிவுத் தபால்.

மூன்றாவது வழி, உங்கள் வட்டார உறுப்பினர். வேகமாக நடக்கலாம், ஆனால் அவர் கட்சிக்கு வசதியான பக்கங்கள் மட்டும் வரும் ஆபத்து உண்டு. தனி வழியாக இதை நாம் பரிந்துரைக்கவில்லை. கையில் ஆவணம் வந்த பிறகு சபையில் கேள்வி எழுப்ப அவர் தேவை.

தேர்தல் செலவு அறிக்கை இதிலிருந்து முற்றிலும் வேறு. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டப்படி வேட்பாளர்கள் முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் நன்கொடை, செலவு விபரங்களை ஒப்படைக்க வேண்டும். அதற்கு மாநகர சபையிடம் போய்ப் பயனில்லை. வேட்பாளரின் அறிக்கைக்கு மாவட்டத் தெரிவத்தாட்சி அலுவலரை அணுகுங்கள். அது வேட்பாளரே எழுதிக் கொடுத்த கணக்கு, கணக்காய்வாளர் தலைமை அதிபதி பார்த்த கணக்கு அல்ல. இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் கேட்டால் ஒரு பாதி தவறான அலுவலகத்தில் கிடக்கும். தனித்தனியாக எழுதுங்கள்.