பூட்டிய வீட்டில் நிற்கும் இன்ஜின்: ஆர்எக்ஸ் 100-ஆ, ரோட்கிங்கா?

செட்டிநாட்டில் பெட்ரோலோடு ஆயிலும் எரியும் பழைய டூ ஸ்ட்ரோக் பைக் ஓடிக் கெடுவது குறைவு. நின்று கெடுவதுதான் அதிகம். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால், அடுத்த படைப்புக்கோ (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கோதான் கதவு திறக்கும். அதுவரை வண்டி வீட்டின் இரண்டாம் கட்டில் நிற்கும். யமஹா ஆர்எக்ஸ் 100, யெஸ்டி ரோட்கிங் இரண்டில் எது நீடித்து உழைக்கும் என்ற கேள்வியை இங்கே அப்படித்தான் கேட்க வேண்டும்.

தினம் ஓட்டுபவருக்கு யெஸ்டி ரோட்கிங் இன்ஜினே கெட்டி. போர் (சிலிண்டர் விட்டம்) 65, ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 75 மில்லிமீட்டர். மெதுவான சுற்றிலேயே இழுக்கும், பேரிங்குக்கு வேலை குறைவு. யமஹா ஆர்எக்ஸ் 100 வெறும் 98 சிசி, 11 குதிரைசக்திக்காக 7500 சுற்று வரை ஓட வேண்டியிருக்கிறது. இழுவை, சத்தம், மைலேஜ் எல்லாம் ஊரறிந்தது, அதை விடுவோம்.

ஆனாலும் என் ஓட்டு ஆர்எக்ஸுக்கே. காரணம் ஒன்றுதான்: கிராங்க் ஆயில் சீல், அதாவது கிராங்க் தண்டைச் சுற்றி இறுகப் பிடிக்கும் ரப்பர் வளையம்.

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறை காற்றுப் புகாமல் இருந்தால்தான் கலவை சரியாக மேலேறும். மாதக்கணக்கில் நின்றால் சீலின் உதடு காய்ந்து விறைத்துவிடும். மேக்னெட் (மின்சாரம் தரும் சுழல் காந்தம்) பக்க சீல் போனால் வெளிக்காற்று உள்ளே வரும். கலவையில் பெட்ரோல் குறைந்து பிளக் வெளுக்கும், ஆக்சிலேட்டரை விட்டாலும் சுற்று இறங்காது. அப்படியே காரைக்குடி வரை விரட்டினால் பிஸ்டன் சீஸ், அதாவது சிலிண்டரில் இறுகிவிடும். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை கக்கும், பிளக் கறுத்து நனையும்.

ஆர்எக்ஸில் மேக்னெட்டைக் கழற்றினால் அந்தப் பக்க சீல் கண்ணெதிரே இருக்கும். இன்ஜினை இறக்காமலே மாற்றலாம். மேக்னெட்டைச் சுத்தியலால் தட்டாமல் புல்லர் போட்டுத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கிராங்க் வளையும். சாமானும் கிடைக்கிறது. சிலிண்டரைக் கடைந்து போட, பிஸ்டன் 0.25 மில்லிமீட்டர் படியாக 1.00 ஓவர்சைஸ் வரை உண்டு. ஒருமுறை சீஸ் ஆனால் அதோடு கதை முடிந்துவிடாது. ரோட்கிங்குக்கோ நல்ல சாமானுக்கு அலைய வேண்டும். அதன் கிளட்சும் பிரைமரி செயினும் தெரிந்த கைகளும் குறைந்துவிட்டன. பழைய ரோட்கிங்கில் தீப்பொறிக்கான தொடுமுனையான பாயின்ட் வேறு. நின்றால் பூத்துப்போகும், உரசித் துடைத்து 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வைக்காமல் தீப்பொறி வராது.

ரோட்கிங் பக்கம் ஒரு நியாயம் உண்டு. ஆயிலை லிட்டருக்கு 40 மில்லி வீதம் பெட்ரோலிலேயே கலந்துவிடுவதால் கெட்டுப்போக பம்ப் என்று ஒன்று கிடையாது. குறை என்று பார்த்தால், நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடினால் ஆயிலும் நின்றுவிடும் என்பார்கள். நம் ஊரில் அப்படி இறக்கம் எங்கே இருக்கிறது? ஆர்எக்ஸில் தனி டேங்கிலிருந்து ஆயிலைத் தானாக ஊட்டும் ஆட்டோலூப் பம்ப். நின்ற வண்டியின் ஆயில் குழாயில் காற்றுக்குமிழி நின்றிருந்தால், ஆயில் டேங்க் நிறைய இருந்தும் பிஸ்டன் காய்ந்தே ஓடும். ஆர்எக்ஸ் நம்மைக் கவிழ்க்கும் இடம் இதுதான். பம்பின் பிளீடு ஸ்க்ரூவை (காற்றை வெளியேற்றும் திருகு) தளர்த்திக் குமிழி நிற்கும்வரை ஆயிலை வடியவிட்டு இறுக்குங்கள். பம்ப் வேலை செய்கிறது என்று உறுதியாகும்வரை பெட்ரோலிலும் லிட்டருக்கு 20 மில்லி 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் ஊற்றி ஓட்டுங்கள். கலவை உள்ளே போகும் வழியிலுள்ள இதழ் போன்ற ரீட் வால்வையும் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இதழ் ஓரத்தில் வெளிச்சக் கோடு தெரிந்தாலோ முனை உடைந்திருந்தாலோ மாற்ற வேண்டும்.

வீட்டைப் பூட்டும்போது செய்ய வேண்டியது இரண்டுக்கும் ஒன்றே. இப்போதைய எத்தனால் பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் காலி செய்யுங்கள். ரோட்கிங்கில் இதை மறந்தால் பெட்ரோல் ஆவியாகி, மிஞ்சிய ஆயில் ஜெட்டில் பிசினாக ஒட்டும். பிளக்கைக் கழற்றி 10 மில்லி 2டி ஆயில் விட்டு, கிக்கரை ஐந்தாறு முறை மெதுவாக மிதித்துப் பிளக்கைத் திரும்பப் போடுங்கள். சைலன்சர் வாயை எண்ணெய்த் துணியால் அடையுங்கள், குளவி கூடு கட்டும்.

விலையில் ஆர்எக்ஸ் கசக்கும். நல்ல வண்டிக்கு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். பெயின்ட்டைப் பார்த்து மயங்காமல் மேக்னெட் கவரைக் கழற்றச் சொல்லுங்கள். கிராங்க் முனையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் துளி ஆட்டம்கூட இருக்கக் கூடாது. இருந்தால் பேரிங் போய்விட்டது; இன்ஜினை இறக்கிக் கேஸைப் பிரிக்கும் கூலியை விலையில் கழித்துப் பேசுங்கள்.