ராயபுரம் குறும்படப் பயிலரங்கு: ஒரே கைலி, ரெண்டு ஆள்

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஒரு மாடி ஹாலில் சனி, ஞாயிறு நடந்த குறும்படப் பயிலரங்குக்குப் போய் வந்தேன். கட்டணம் 1,500 ரூபாய், கொடுத்த காசுக்கு மேலேயே கிடைத்தது. ஒருவர் வாயைத் திறக்கும் முன்பே அவர் யார் என்று உடையும் விளக்கு வெளிச்சமும் கேமரா கோணமும் எப்படிச் சொல்லிவிடுகின்றன என்பதுதான் பாடம்.

முதல் நாள் காலையில் எங்களில் ஒரு பையனை எழுப்பி நிறுத்தினார் பாடம் நடத்திய சார். காசிமேட்டுக்காரன், பரம சாது. கட்டம் போட்ட கைலி, கழுத்தில் துண்டு. ஜன்னல்களை மூடி, ஒரே ஒரு விளக்கைத் தரையில் வைத்து முகத்துக்குக் கீழிருந்து அடித்து, கேமராவை முட்டி உயரத்துக்கு இறக்கி, கிட்டே இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டுகிற வைட் லென்ஸை மாட்டிக் கிட்டே கொண்டுபோனார். மானிட்டரில் பார்த்தால் தாடை பெருத்து, மூக்கின் நிழல் நெற்றிக்கு ஏறி, தலை கூரையை முட்டுகிற மாதிரி ஒரு ஆள். பின்வரிசையில் யாரோ "ரவுடி" என்று சொல்லியேவிட்டார். அப்புறம் ஜன்னலைத் திறந்து, அந்த வெளிச்சத்தை எதிர்ப்பக்கம் ஒரு தெர்மோகோலில் பட்டு முகத்துக்குத் திரும்பும்படி பவுன்ஸ் செய்து, கேமராவைக் கண் மட்டத்துக்கு ஏற்றி, முகத்தை இயல்பாகக் காட்டுகிற 85 எம்.எம். லென்ஸோடு தள்ளிப்போய் எடுத்தார். அதே கைலி, அதே துண்டு. மீன் ஏலம் முடிந்து வீடு திரும்பிய ஒரு அண்ணன் அங்கே நின்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நான் வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவன், கைலி கட்டியவனெல்லாம் அடியாள் என்று எத்தனை படத்தில் பார்த்திருப்பேன்!

மதியம் 1954இல் வந்த 'அந்த நாள்' படத்திலிருந்து சில காட்சிகள். பாட்டே இல்லாத படம், ஒளிப்பதிவு மாருதி ராவ். ஒரு கொலைக்கு ஒவ்வொருவர் மேலும் சந்தேகம் விழ வேண்டிய கதை, நிழல் அங்கே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. மேலிருந்து எடுத்தால் ஆள் சிறுத்துப்போவான் என்று நாங்கள் மனப்பாடமாகச் சொன்னதை சார் ஏற்கவில்லை. தூங்குகிற குழந்தையை அம்மா மேலிருந்துதானே பார்க்கிறாள், யார் கண் அது என்று முதலில் முடிவு செய்யுங்கள் என்றார்.

குறை ரெண்டு. பதினான்கு பேருக்கு ஒரே கேமரா, என் முறை வரவே ஞாயிறு சாயங்காலம் ஆகிவிட்டது. உடைக்கு ஒரே ஒரு மணி நேரம் ஒதுக்கியது பெரிய அநியாயம், ஏனென்றால் எனக்கு அதிகம் பிடித்ததே அதுதான். புதுச் சட்டையை டீ டிகாஷனில் ஊறவைத்து, காலரை உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கிக் காட்டினார்கள். மூட்டை தூக்குகிறவர் சட்டை தோளில் தேயும், மேஜையில் எழுதுகிறவர் சட்டை முழங்கையில் தேயும், கண்ட இடத்தில் தேய்த்தால் பொய் என்று தெரிந்துவிடும். துறைமுகத்தில் லோடு இறக்கிய என் தாத்தாவின் சட்டை ஒன்று வீட்டில் இருக்கிறது, வந்ததும் எடுத்துப் பார்த்தேன். வலது தோள் நூல் நூலாக இருந்தது.

அடுத்த முறை நடந்தால் கட்டாயம் போங்கள், வீட்டில் கிடக்கிற பழைய சட்டை ஒன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.