அப்பல்லோ (ஆர் பேக்கேஜ்): சாய்ஸ் மாடல் போடுறவங்களுக்கு ஒரு ரிவ்யூ

காரா பஸ்ஸா ரயிலா, ஜனங்க எதுல போவாங்கன்னு மாடல் போடுறவங்களுக்காக இத எழுதுறேன். லீட்ஸ் யுனிவர்சிட்டி சாய்ஸ் மாடலிங் சென்டர்ல ஸ்டெஃபான் ஹெஸ், டேவிட் பால்மா ரெண்டு பேரும் செஞ்ச ஃப்ரீ பேக்கேஜ்தான் அப்பல்லோ, ஆர்ங்கிற புள்ளியியல் மொழில ஓடும், 2019ல இதப் பத்தின பேப்பர் வந்துச்சு.

எம்லாஜிட் (இதே வேலைக்கு ஆர்ல இருக்கற இன்னொரு பேக்கேஜ்) பழகினவங்களுக்கு ஆரம்பத்துல எரிச்சலா இருக்கும். அங்க ஒரே வரி ஃபார்முலால முடிஞ்சிரும், இங்க ஒவ்வொரு வண்டிக்கும் யூட்டிலிட்டிய (அது ஒருத்தருக்கு எவ்வளவு பிடிக்கும்ங்கிற ஸ்கோர்) நாமளே எழுதணும். ஆனா எனக்கு இதுல ரொம்ப பிடிச்சதே அதுதான், ஏன்னா டிக்கெட் விலைக்கு எல்லா வண்டிக்கும் ஒரே கோஎஃபிஷியன்டா (அந்த விஷயம் ஸ்கோர எவ்வளவு மாத்தும்ங்கிற எண்), பயண நேரத்துக்கு வண்டிக்கு வண்டி வேறயான்னு யோசிக்காம அடுத்த வரிக்குப் போகவே முடியாது.

சிவப்பு பஸ் நீல பஸ் பிரச்சனை தெரியும்ல? காரும் சிவப்பு பஸ்ஸும் பாதிப் பாதி, அதே ரூட்ல நீல பஸ் ஒண்ணு விட்டா சாதா லாஜிட் (ஸ்கோர வச்சு ஒவ்வொண்ணோட பங்க கணக்கு போடுற அடிப்படை மாடல்) மூணுக்கும் சமமா மூணுல ஒரு பங்குன்னு சொல்லும், பெயிண்ட் பாத்து யாரு கார விட்டு இறங்குவா! அப்பல்லோல யூட்டிலிட்டிய தொடாம நெஸ்ட் (ஒரே மாதிரி வண்டிங்கள ஒரு குழுவா வைக்கறது) மட்டும் சேத்து நெஸ்டட் லாஜிட்டா மாத்திக்கலாம், பழைய மாடல விட புதுசு டேட்டாவுக்கு நல்லா பொருந்துதான்னு பாக்கற எல்ஆர் டெஸ்ட்டும் அதுலயே போட்டுக்கலாம். இதெல்லாம் சின்ன விஷயம் இல்லங்க. சான் ஃபிரான்சிஸ்கோல பார்ட்ங்கிற நகர ரயிலுக்கு அதிகாரிங்க 15% பேர் வருவாங்கன்னாங்க, பொருளாதார நிபுணர் டேனியல் மெக்ஃபேடனோட டீம் லாஜிட் வச்சு 6.3%ன்னாங்க, வந்தது 6.2%. ஒரு ரயில் திட்டத்தோட காசு முழுக்க இந்த நம்பர் மேலதான் நிக்குது.

லிஸ்ட்ல குடுத்துட்டு யூட்டிலிட்டில சேக்க மறந்த பாராமீட்டர் (கோஎஃபிஷியன்ட் மாதிரி மாடல் கண்டுபிடிக்க வேண்டிய எண்) இருந்தா எஸ்டிமேஷனுக்கு முன்னாடியே பேரு சொல்லி நிறுத்திடும், ரொம்ப உதவி. டெல்டா மெத்தட் உள்ளயே இருக்கறதால நேரத்தோட மதிப்புக்கு (பயண நேரம் குறைய ஜனங்க எவ்வளவு காசு குடுப்பாங்கங்கிறது) ஸ்டாண்டர்ட் எரர், அதாவது அந்த நம்பர் எவ்வளவு துல்லியம்ங்கிற அளவு, உடனே கிடைக்கும்.

குறைன்னா மிக்ஸ்ட் லாஜிட்தான், அதாவது ஆளுக்கு ஆள் ரசனை மாறும்னு எடுத்துக்கற மாடல். ஹால்டன் ட்ராஸ் (அந்த ரசனை வித்தியாசத்த கணக்கு போட எடுக்கற மாதிரி எண்கள்) கூட்டக் கூட்ட மெமரி விழுங்கும், சிபியு கோர் நிறைய குடுத்தா வேகம் வரும் ஆனா மெமரி இன்னும் ஏறும். ட்ராஸ் கம்மியா வச்சு மாடல சரி பாத்துட்டு அப்புறம் ஏத்துங்க.

புதுசா தொடங்குறவங்க அவங்க வெப்சைட்ல இருக்கற எம்என்எல் (மல்டிநாமியல் லாஜிட், மேல சொன்ன சாதா லாஜிட்) உதாரணத்த முதல்ல அப்படியே ஓட்டிப் பாருங்க. உங்க டேட்டா ஒரு சாய்ஸுக்கு ஒரு வரின்னு வைட் ஃபார்மேட்ல இருக்கணும், டேட்டாஃப்ரேமுக்கு (ஆர்ல டேட்டா இருக்கற அட்டவணை) டேட்டாபேஸ்னு பேரு வைங்க, வேற பேரு வச்சா தானா எடுத்துக்காது.