150 ஏஎச் டியூபுலர் பேட்டரி: ஐந்து கோடை ஓடிய பிறகு

கடையில் முதலில் கேட்பது "எத்தனை விஏ இன்வெர்ட்டர் வேணும்?" என்பதுதான். 900 விஏ என்றால் ஒரே நேரத்தில் ஏறக்குறைய 700 வாட் வரை தாங்கும், அவ்வளவே. கரன்ட் இல்லாத நேரத்தில் எவ்வளவு நேரம் ஓடும் என்பது பேட்டரியின் கையில் இருக்கிறது.

மூன்று பழைய ஃபேன் 225 வாட், நான்கு எல்இடி டியூப் 80, டிவியும் ரவுட்டரும் 70. மொத்தம் 375. இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சுமார் 39 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியில் எழுதியிருக்கும் 150 ஏஎச்-ஐ (ஆம்பியர்-ஹவர்) 39-ஆல் வகுத்து நான்கு மணி நேரம் என்று கணக்குப் போடக் கூடாது. 150 ஏஎச் என்பது 20 மணி நேரத்துக்கு 7.5 ஆம்பியர் வீதம் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு; வேகமாக இழுத்தால் கொள்ளளவே சுருங்கும். புது பேட்டரியிலேயே மூன்று மணி நேரத்தை ஒட்டித்தான் வரும். அதே வீட்டில் ஃபேன்களை மின்சாரம் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி ஃபேன்களாக மாற்றினால் மொத்தம் 240 வாட்டுக்கு இறங்கி, மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மதியம் 2 வரை நிறுத்தும் மின்சாரத்தை ஓரளவு சமாளித்துவிடலாம். இரண்டாவது பேட்டரி வாங்கும் காசை ஃபேனில் போடுவதே நல்லது.

பேட்டரி சீக்கிரம் சாவதற்கு முதல் காரணம் தண்ணீர். தண்ணீர் மட்டத்தைக் காட்டும் மிதவை சிவப்புக்கு இறங்கும்வரை காத்திருக்க வேண்டாம். கோடையில் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிச்சமிருக்கும், ஏசியிலிருந்து சொட்டும் நீரில் தூசியும் உலோகமும் கலந்திருக்கும். முழு சார்ஜ் ஏறிய பிறகே ஊற்றுங்கள். சார்ஜ் ஏறும்போது மட்டம் உயரும் என்பதால், முன்பே நிரப்பினால் ஆசிட் வழிந்து டெர்மினலில் பச்சை, வெள்ளைப் பூளை பிடிக்கும். ஆசிட் எப்போதும் சேர்க்கக் கூடாது. பூளை பிடித்தால் இன்வெர்ட்டரை அணைத்து, மெயின் பிளக்கைப் பிடுங்கி, வயரைக் கழற்றி, வெந்நீரில் துடைத்து, காயவிட்டு, இறுக்கி மாட்டியபின் வாசலின் தடவுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று, இன்வெர்ட்டரின் பின்பக்கம் இருக்கும் யுபிஎஸ் சுவிட்ச். கம்ப்யூட்டர் அணையாதபடி சட்டென்று பேட்டரிக்கு மாற வைப்பது இது. யுபிஎஸ் நிலையில் மெயின் வோல்டேஜ் சுமார் 180-க்குக் கீழே போனாலே இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறிவிடும். லோ வோல்டேஜ் உள்ள தெருவில் மாலை முழுக்க இப்படியே ஓடி, யாருக்கும் தெரியாமல் பேட்டரி வடிந்துபோகும். ராத்திரி கரன்ட் போனால் அரை மணி நேரம்கூட நிற்காது. "பேட்டரி போச்சு" என்று மாற்றிவிடுகிறார்கள். டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் இல்லாத வீட்டில் அந்த சுவிட்சை சாதாரண நிலையிலேயே வைக்கலாம்.

உண்மையிலேயே போய்விட்டதா என்று அறிய ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் போதும். முழு சார்ஜில் பேட்டரிக்குள் இருக்கும் ஆறு செல்லும் (அறைகளும்) 1.240 அருகே இருக்க வேண்டும். ஐந்து சரியாக இருந்து ஒன்று மட்டும் 1.180 காட்டினால், அதில் தண்ணீரும் சீக்கிரம் வற்றினால், அந்த செல் முடிந்தது. தண்ணீர் ஊற்றிய உடனே அளக்காதீர்கள். புதுத் தண்ணீர் மேலேயே நிற்பதால் தவறாகக் குறைத்துக் காட்டும்.

வாரன்டி அட்டையில் 36+24 என்றிருந்தால், முதல் 36 மாதம்தான் இலவச மாற்று. மீதி 24 மாதத்துக்குப் புது பேட்டரி விலையில் ஒரு பங்கு கழிவு மட்டுமே கிடைக்கும்.