"48 வோல்ட், 100 பீஸ்" மல்டி டூல் செட் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

வீட்டு வேலைக்கு ஆசிலேட்டிங் மல்டி டூல் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் ஆன்லைனில் "48 வோல்ட், பிரஷ்லெஸ், 100 பீஸ்" என்று விற்கும் செட்டைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள் என்றால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். கருவியில் குறை இல்லை. அந்த மாதிரி செட்டாக விற்பதில்தான் ஏமாற்று வேலை இருக்கிறது.

எனக்கு இது தேவைப்பட்ட காரணம் எளிது. பழைய தரையின் மேல் லேமினேட் பலகை போட்டோம். கதவு நிலையின் கால்களை அடியில் சில மில்லிமீட்டர் அறுத்தால்தான் பலகை அதற்குக் கீழே நுழையும். நிலையைக் கழற்ற முடியாது. கைரம்பத்தின் பிடி தரையில் இடிக்கும். ஜிக்சா அந்த மூலைக்குள் போகவே போகாது. ஆங்கிள் கிரைண்டரில் மரம் அறுக்கும் பிளேடைப் பூட்டுவதை நினைத்தாலே பயம். மல்டி டூலின் பிளேடு சுற்றாது, இரண்டு பக்கமும் சில டிகிரி மட்டும் வேகமாக ஆடும். அதனால் தரையோடு படுக்க வைத்து அப்படியே உள்ளே தள்ளலாம். பலகையின் நடுவில் ஸ்விட்ச் பாக்ஸுக்குச் சதுரமாக ஓட்டை போடுவது, துருப்பிடித்த ஸ்க்ரூவைச் சுவரோடு ஒட்டி வெட்டுவது, டைல்ஸ் இடுக்கில் பழைய கிரௌட்டைச் சுரண்டுவது போன்ற வேலைகளுக்கும் வீட்டில் இதைவிடச் சுலபமான கருவி கிடையாது.

சரி, நான் ஆர்டர் செய்து வந்த அந்த "48 வோல்ட்" செட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் வோல்ட். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டு மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். 21 வோல்ட்டைக்கூடத் தொடவில்லை. கணக்கு ரொம்ப எளிது. இந்தப் பேட்டரிகளில் உள்ள ஒரு லித்தியம் செல் சராசரியாக 3.6 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2. ஐந்து செல்லை வரிசையாக இணைத்தால் 18 வோல்ட், முழுச் சார்ஜில் 21. பெயர் பெற்ற கம்பெனிகள் 18 வோல்ட் என்றும், "20 வோல்ட் மேக்ஸ்" என்றும் விற்பது இரண்டும் இதே ஐந்து செல் வரிசைதான். 48 வோல்ட் நிஜமாகவே வேண்டுமென்றால் 13 செல் வரிசையாக வேண்டும், உள்ளங்கைக்குள் அடங்கும் பேட்டரியில் அதற்கு இடமே இல்லை. விற்றவரிடம் கேட்டேன். "48 என்பது மாடல் பெயர் சார், வோல்ட் இல்லை" என்று பதில் வந்தது. பெட்டியில் 48-க்குப் பக்கத்தில் "விஎஃப்" என்று இரண்டு எழுத்து போட்டிருக்கிறார்கள். யாராவது கேட்டால் தப்பிக்க அதுதான் வழி போல.

அடுத்து பிரஷ்லெஸ், அதாவது கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார். மாலையில் விளக்குப் போடாமல் ஓட்டியபோது காற்றுத் துளைகள் வழியாக நீலப் பொறி தெரிந்தது. கார்பன் பிரஷ் உள்ள மோட்டாரில்தான் அப்படித் தெரியும். பிரஷ் மோட்டார் ஒன்றும் கெட்டது இல்லை, வீட்டு வேலைக்குத் தாராளமாகப் போதும். ஆனால் இல்லாததை இருப்பதாகச் சொல்லி அதற்கும் சேர்த்துக் காசு வாங்கியிருக்கிறார்கள்.

100 பீஸ் கதை இன்னும் மோசம். பெரும்பாலும் முக்கோண உப்புத்தாள். பிளேடு என்று சொல்லும்படி இருந்தவை ஒரு கைப்பிடி அளவுதான். "டைட்டானியம்" என்று தங்க நிறம் பூசியிருந்தார்கள். நிலையின் உள்ளே ஒரு ஆணி இருந்தது. முதல் பிளேடு அதில் பட்டவுடன் பல் எல்லாம் மழுங்கி, அப்புறம் மரத்தை அறுப்பதற்குப் பதில் கருக்கியது. புகைதான் வந்தது. பூச்சைப் பார்த்து பிளேடு வாங்கக் கூடாது. ஹெச்சிஎஸ் என்று போட்டிருந்தால் அது ஹை கார்பன் ஸ்டீல் என்ற எஃகு, மரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் மட்டும். ஆணி இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் பைமெட்டல் வேண்டும், அதாவது வளையும் எஃகில் கடினமான எஃகுப் பல் சேர்த்த பிளேடு. கடினமான ஸ்க்ரூ என்றால் அதைவிடக் கெட்டியான கார்பைடு பல். கிரௌட்டுக்குப் பல்லே இல்லாமல் கார்பைடு துகளோ வைரத் துகளோ ஒட்டிய பிளேடு. இந்தக் கருவியில் காசு கரைவது மிஷினில் அல்ல, பிளேடில். நல்ல பிளேடு மூன்று நான்கு இருந்தால் அந்த 100 பீஸ் பெட்டி தேவையே இல்லை.

எனக்கு அதிகக் கோபம் வந்தது பிளேடு பூட்டும் தலையைப் பார்த்துத்தான். ஆலன் கீ போட்டு இறுக்கும் வகை, அதில் தப்பில்லை. ஆனால் தலையில் உள்ள முள்களைவிட பிளேடின் துளைகள் பெரிதாக இருந்தன. எவ்வளவு இறுக்கினாலும் கொஞ்ச நேரத்தில் பிளேடு நழுவி ஆட ஆரம்பித்துவிடும். இந்தக் கருவியின் மொத்த ஆட்டமே 3 முதல் 5 டிகிரிக்குள்தான். பிடிப்பில் ஒரு டிகிரி நழுவினாலும் அறுக்கும் வேலையில் கணிசமான பங்கு போய்விடுகிறது. மிச்சமெல்லாம் கை நடுக்கமும் சத்தமும்தான். விளம்பரத்தில் "நிமிடத்துக்கு 20,000 ஆட்டம்" என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள், எத்தனை டிகிரி என்று எங்கேயும் இல்லை. வேகம் ஒரே அளவாக இருந்தால் டிகிரி அதிகமுள்ள மிஷின்தான் சீக்கிரம் அறுக்கும். டிகிரியைச் சொல்லாத மிஷினை நான் இனி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்.

பூட்டும் முறையையும் கேட்டுக்கொள்ளுங்கள். பாஷ், ஃபைன் என்ற இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து 2016-ல் கொண்டுவந்த ஸ்டார்லாக் முறையில் ஸ்டார்லாக், பிளஸ், மேக்ஸ் என்று மூன்று வகை உண்டு. மேக்ஸ் மிஷினில் மூன்று பிளேடும் பூட்டலாம். வெறும் ஸ்டார்லாக் மிஷினில் ஸ்டார்லாக் பிளேடு மட்டும்தான். பழைய தட்டை பிளேடுகள் இவற்றில் சேராது. "எல்லா மிஷினுக்கும் பொருந்தும்" என்று ஒரு பிளேடு பாக்கெட்டில் எழுதியிருந்தால் அதை நம்பாமல் மாடல் பெயரைப் போட்டுப் பாருங்கள்.

விற்றவருடைய வீடியோவில் ஓடும் பிளேடில் உள்ளங்கையை வைத்துக் காட்டி "பாருங்கள், வெட்டாது" என்றார்கள். இது ஆபத்தான பேச்சு. மருத்துவமனையில் மாவுக்கட்டு அறுக்கும் ரம்பமும் இதே மாதிரி ஆடுவதுதான். கெட்டியான கட்டு அசையாமல் நிற்பதால் அறுபடும், தோல் பிளேடோடு சேர்ந்து ஆடுவதால் பெரும்பாலும் தப்பிக்கும். மர பிளேடின் கூர்மையான பல்லுக்கு அந்தச் சலுகை கிடையாது. விரல் மூட்டு மாதிரி தோல் எலும்போடு ஒட்டிய இடத்தில் பட்டால் வெட்டும். கிரௌட் சுரண்டும்போது வரும் தூசியில் சிலிக்கா உண்டு, அதற்கு நல்ல முகக்கவசம் கட்டாயம்.

திருப்பி அனுப்பக் கேட்டதும் வழக்கமான நாடகம். முதலில் வீடியோ அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். ஓட்டிப் பார்க்காமல் மிஷின் எப்படி என்று தெரிவது எப்படியாம்? நான் எழுதிய விமர்சனத்தை நீக்கினால் கொஞ்சம் பணம் தருவதாகக் கடைசியில் செய்தி வந்தது. நீக்கவில்லை. அங்கே ஐந்து நட்சத்திர விமர்சனங்கள் ஏன் அவ்வளவு இருந்தன என்பதும் அப்போது புரிந்தது.

அப்படியானால் வாங்கவே வேண்டாமா என்றால், நிலை அறுப்பது, ஓட்டை போடுவது மாதிரி வேலை உங்கள் வீட்டில் வரும் என்றால் வாங்குங்கள். பிளைவுட்டை நீளமாக நேர்க்கோட்டில் அறுக்கவும், மேஜை முழுக்கத் தேய்க்கவும் இதை நம்பாதீர்கள், பொறுமைதான் போகும். எப்போதாவது எடுப்பவர்களுக்கு வயர் உள்ள 300 வாட் மிஷினே நல்லது என்பேன். அலமாரியில் கிடந்தால் பேட்டரி கெடும், வயருக்கு அந்தக் கவலை இல்லை. ஏற்கெனவே ஒரு கம்பெனியின் பேட்டரி டிரில் வைத்திருப்பவர்கள் அதே பேட்டரி சேரும் வெறும் மிஷினை மட்டும் தனியாக வாங்கலாம்.

இந்த மாதிரி செட்டை ஏற்கெனவே வாங்கியவர்கள் சார்ஜரைக் கவனியுங்கள். என்னுடையதில் பேட்டரி நிறைந்த பிறகும் சிவப்பு விளக்கு அணையவில்லை, பேட்டரி கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக இருந்தது. இரவில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். வீங்கியோ கொதித்தோ இருந்தால் குப்பையில் போடாமல், பழைய பேட்டரி வாங்கும் மையத்தில் கொடுத்துவிடுங்கள்.